எவ்வளவு காட்டுது, சேவியர்?

கம்ப்யூட்டருக்கு மெமரி கூட்டிக் கொடுக்கிற தொழிலில், கூட்டுகிற வேலை கால் மணி நேரம்தான். ஏற்கெனவே உள்ளே எவ்வளவு இருக்கிறது என்று கண்டுபிடிப்பதில்தான் ஆயுள் போகும். எண்பதுகளில் இந்த வேலையைப் பார்த்து, அடுத்தவர் மேசைக்கு அடியில் தவழ்ந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டவர்கள் யாராவது இதைப் படித்தால், நான் சொல்லி முடிப்பதற்குள் தலையாட்டிவிடுவீர்கள். மற்றவர்கள் பயப்பட வேண்டாம். இதில் கம்ப்யூட்டர் கொஞ்சம்தான் வரும். யோகாதான் நிறைய வருவாள்.

முதலாளியின் சட்டம்

எங்கள் கடை சிங்கப்பூரில், சிராங்கூன் சாலையை ஒட்டிய ஒரு வணிகக் கட்டடத்தில், மூன்றாவது மாடியில் இருந்தது. முதலாளி மிஸ்டர் டான், சீனர். நான் சேருவதற்கு முன்பு இருந்த ஒரு டெக்னீஷியன், வாடிக்கையாளர் வாயால் சொன்ன கணக்கை நம்பிச் சிப்புகளை எடுத்துக்கொண்டு போய், பொருந்தாத இடத்தில் அழுத்தி, குழாயில் அடுக்கி வந்த சிப்புகள் அத்தனையின் கால்களையும் வளைத்துக் கொண்டுவந்து போட்டிருக்கிறார். அன்றிலிருந்து கடையில் ஒரு சட்டம். டெக்னீஷியன் முதல் தடவை வெறும் ஸ்க்ரூடிரைவரோடுதான் போக வேண்டும். மெஷினை முழுசாக ஆஃப் செய்து மறுபடி ஆன் செய்ய வேண்டும். உள்ளே இருக்கும் மெமரியை மெஷினே எண்ணிக்கொண்டு போக, கறுப்புத் திரையில் 64, 128 என்று எண் ஏறும். எங்கே நிற்கிறது என்று பார்க்க வேண்டும். பிறகு மூடியைக் கழற்றி உள்ளே இருக்கும் சிப்புகளைக் கையால் எண்ண வேண்டும். இரண்டையும் அங்கிருந்தே கடைக்குப் போன் செய்து சொல்ல வேண்டும். இதில் ஒன்று குறைந்தாலும் ஒரு சிப்கூடக் கடை வாசலைத் தாண்டாது.

"அவங்க மெஷின்ல எவ்வளவு இருக்குன்னு அவங்களுக்குத் தெரியாதா சார்?" என்று முதல் நாளே கேட்டு வைத்தேன். மிஸ்டர் டான் அந்த வட்டாரத்திலேயே பிறந்து வளர்ந்தவர். அவருக்குத் தெரிந்த தமிழ் மொத்தம் பத்து வார்த்தை இருக்கும். அதில் பாதியை இந்த ஒரு சட்டத்துக்கே செலவழித்தார். விரலை ஆட்டிக்கொண்டு சொன்னார்: "முதல்ல பாரு, அப்புறம் பேசு லா!"

போனுக்கு அந்தப் பக்கம்

நாங்கள் சொல்லும் எண்ணைக் கடையில் போனை எடுத்து அட்டையில் எழுதிக்கொள்வது யோகா என்கிற யோகேஸ்வரியின் வேலை. சிப் அலமாரியின் சாவி அவளிடம்தான் இருக்கும். காத்தோங்கில் வீடு, யாழ்ப்பாணத்து வழி வந்த குடும்பம். இங்கேயே பிறந்தவள்தான் என்றாலும், வீட்டுப் பேச்சு அப்படியே நாக்கில் இருந்தது. வெள்ளிக்கிழமைகளில் நெற்றியில் மெல்லிய விபூதிக் கீற்றோடு வருவாள். நான் தமிழ்நாட்டு வழி வந்த கத்தோலிக்கன்; ஞாயிறு பூசையில் பாடற்குழுவின் கடைசி வரிசையில் நிற்பவன். இரண்டு வீட்டுக்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்று அந்தக் காலத்து ஆட்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

எனக்கு அவளைப் பிடித்திருந்தது. சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அப்போது சொல்லவில்லை. கடையில் நேருக்கு நேர் பார்த்தால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். போனில் மட்டும் கொஞ்சம் பேச வரும். அதனால் ஒரு நாள் போனிலாவது சொல்லிவிட வேண்டும் என்பதுதான் நாங்கள் ஒரே கடையில் இருந்த நான்கு வருடமும் எனக்கு இருந்த ஒரே லட்சியம். முதல் போனே சரியாகப் போகவில்லை. சோம்பல்பட்டு மூடியைக் கழற்றாமல், "சுமாரா 512 இருக்கும் மிஸ் யோகா" என்றேன். பேனா எழுதும் சத்தம் நின்றது. "சுமார் எண்டு ஒரு சிப் எங்கடை கடையிலை இல்லை, சேவியர். வடிவாப் பாத்திட்டுச் சொல்லுங்கோ."

கொசுறு

பஃபலோ சாலைப் பக்கம் ஒரு மளிகைக் கடை. கம்ப்யூட்டர் மிளகாய் மூட்டைக்கும் சீரக மூட்டைக்கும் நடுவில் இருந்தது. மூடியைக் கழற்றியதுமே உள்ளேயிருந்து மல்லித்தூள் வாசம் கிளம்பியது. ரசம் வைக்கலாம் போலிருந்தது. எண்ணத் தொடங்கினால் தும்மல், தும்மினால் எண்ணிக்கை மறந்துபோகும். மூன்றாவது தடவைதான் ஒழுங்காக எண்ணி முடித்தேன். கடைக்காரர் முத்தையா என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"வரிசைக்கு ஒன்பது இருக்கே, ஏன்?" என்றார். எட்டுதான் வேலை செய்யும், ஒன்பதாவது மற்ற எட்டும் ஒழுங்காக இருக்கிறதா என்று சரிபார்க்க மட்டும் என்று விளக்கினேன். அவர் முகம் மலர்ந்தது. அவர் கடையிலும் எட்டு வெங்காயம் வாங்கினால் ஒன்று மேலே போடுவார். அப்படியானால் புதிதாக வாங்கும் வரிசைக்கு எட்டுக்குத்தானே விலை என்று கேட்டார். இல்லை, ஒன்பதுக்கும்தான் என்றேன். மனிதருக்கு வந்ததே கோபம். போனில் நான் யோகாவிடம் எண் சொல்லிக்கொண்டிருக்க, அவளுக்கும் கேட்கட்டும் என்று பக்கத்தில் நின்று கத்தினார். அவள் வாய்விட்டுச் சிரித்ததை நான் முதன்முதலில் கேட்டது அன்றுதான். அதற்காகவே அந்த மனிதருக்கு இன்றுவரை நன்றிக்கடன் பட்டிருக்கிறேன். "கொசுறுக்கும் காசு வாங்குற கடையை நான் சிங்கப்பூர்லயே பார்த்ததில்ல தம்பி!"

கிளமெண்டியில் ஒரு நிமிடம்

எண் ஏறி முடிய ஒரு நிமிடம்போல ஆகும். சட்டப்படி, எண் நின்ற பிறகுதான் போன் செய்ய வேண்டும். நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். முதலில் யோகாவுக்குப் போன், பிறகு மெஷினை ஆன் செய்வது. "64... 128... 192..." என்று ஒவ்வொன்றாக வாசிப்பேன். அவள் ஒன்றும் சொல்ல மாட்டாள், போனை வைக்கவும் மாட்டாள். அவளுடைய மூச்சும், பின்னால் மிஸ்டர் டான் யாரையோ திட்டுவதும் கேட்கும். மெமரி அதிகம் இருக்கும் மெஷின் என்றால் எனக்கு அன்று நல்ல நாள். கம்மியாக இருந்தால் சீக்கிரம் முடிந்துவிடும். வாடிக்கையாளரைவிட எனக்குத்தான் வருத்தமாக இருக்கும்.

கிளமெண்டியில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் வீடு. பாக்கியம் டீச்சர். மகன் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தான், அவனுக்காக வாங்கிய மெஷின். எண் 256-இல் நின்றுவிட்டது. எனக்கு மனசு வரவில்லை. "320... 384..." என்று திரையைப் பார்த்துக்கொண்டே நானாக மேலே போனேன். அந்தப் பக்கம் யோகாவும் கேட்டுக்கொண்டேதான் இருந்தாள். பாக்கியம் டீச்சர் மூக்குக்கண்ணாடியை ஏற்றித் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்தார். முப்பது வருடம் பிள்ளைகளின் கணக்கைத் திருத்திய குரலில் கேட்டார்: "அது எப்பவோ நின்னுபோச்சு தம்பி, நீங்க இன்னும் யாருக்கு எண்ணுறீங்க?"

ரம் கேக்

கிறிஸ்துமஸுக்கு அம்மா செய்யும் கேக்கைக் கடைக்குக் கொண்டுபோவேன். மிஸ்டர் டானுக்கு ஒரு துண்டு, என்னோடு டெக்னீஷியனாக வேலை பார்த்த ரஹீமுக்கு ரம் ஊற்றாமல் தனியாகச் செய்த துண்டு, யோகாவுக்கு ஒரு துண்டு. யோகாவுடைய துண்டை மட்டும் ஓரம் வெட்டி, முந்திரி மேலே தெரிகிற மாதிரி பார்த்து, பளபளக்கும் காகிதத்தில் சுற்றி, ரிப்பன்கூடக் கட்டியிருந்தேன். கட்டுகிற மும்முரத்தில் ரஹீமின் துண்டை வீட்டு மேசையிலேயே மறந்துவிட்டேன்.

தீபாவளிக்கு அவள் கொண்டுவந்த பயத்தம் பணியாரத்துக்குப் பதில் மரியாதை, வேறொன்றும் இல்லை என்று சாதித்தேன். யோகா ரிப்பனை அவிழ்க்காமல் பொட்டலத்தை அப்படியே கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள். அன்று மாலை பேருந்து நிறுத்தம்வரை ரஹீம் என்னை விடவில்லை. "ரம் இல்லாத துண்டை மறந்துட்டே, சரி. ரிப்பனை மட்டும் எப்படிடா மறக்காம எடுத்துட்டு வந்தே?"

நான்கு குட்டி சுவிட்ச்

சவுத் பிரிட்ஜ் சாலையில், மாரியம்மன் கோவிலுக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு வக்கீல் அலுவலகம். மெமரி போதவில்லை, கூட்ட வேண்டும் என்று கூப்பிட்டிருந்தார்கள். ஆன் செய்தேன், 256. மூடியைக் கழற்றினேன். நான்கு வரிசையும் நிரம்பியிருந்தது. கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி எண்ணினேன். உள்ளே முழுசாக 640 இருக்கிறது. திரை 256 என்கிறது. ஓரத்தில் இருந்த குட்டி சுவிட்சுகளைப் பார்த்ததும் புரிந்தது. எவ்வளவு மெமரி பொருத்தியிருக்கிறது என்று மெஷினுக்கு அந்தச் சுவிட்சுகள்தான் தெரிவிக்க வேண்டும். முன்பு யாரோ சிப்பைப் பொருத்திவிட்டுச் சுவிட்சைத் தள்ளாமலே போயிருக்கிறார்கள். ஒரு வருடமாக அந்த அலுவலகம், கையில் இருப்பதை இல்லை என்று நினைத்துக்கொண்டு அல்லாடியிருக்கிறது.

யோகாவுக்குப் போன் செய்தேன். "எவ்வளவு காட்டுது, சேவியர்?" "256." "உள்ளுக்கு எவ்வளவு இருக்குது?" "640." நடந்ததைச் சொன்னேன். வக்கீலின் கிளார்க், இவ்வளவு விலை கொடுத்து வாங்கிய மெஷினுக்குத் தன் வயிற்றுக்குள் இருப்பது தெரியாதா என்று பின்னால் நின்று புலம்பிக்கொண்டிருந்தார். அதைத்தான் நானும் போனில் கேட்டேன்: இவ்வளவையும் உள்ளே வைத்துக்கொண்டு இப்படி இருக்குமா ஒரு மெஷின் என்று. எழுதுகிற சத்தம் எதுவும் இல்லாமல், அவள் மெதுவாகச் சொன்னாள்: "இருக்கிறதை ஒருத்தரும் சொல்லாட்டி, அதுக்கு எப்பிடித் தெரியும், சேவியர்?"

காத்தோங்

நான் மண்டுதான், ஆனால் அவ்வளவு மண்டு இல்லை. அந்த வாரமே சொல்லிவிடுவது என்று முடிவெடுத்தேன். வெள்ளிக்கிழமை, எந்த வேலைக்குப் போனாலும், எண் ஏறி முடிவதற்குள். ஒரு நிமிடம் போதும். பேருந்தில் போகும்போது உதட்டுக்குள் ஒத்திகை பார்த்துப் பக்கத்தில் இருந்த சீனப் பாட்டியைப் பயமுறுத்தினேன். வெள்ளி காலை, யோகா எங்களுக்கு வேலை அட்டைகளை எழுதிப் போடும் தட்டுகளில், என் தட்டில் ஒரே ஒரு அட்டை கிடந்தது. காத்தோங், சிலோன் சாலை, மிஸ்டர் நவரத்தினம். மணி அடித்து உள்ளே போனேன். சுவரில் பள்ளிச் சீருடையில் யோகாவின் படம் மாட்டியிருந்தது.

"வாரும் தம்பி, இரும்," என்றார் அவளுடைய அப்பா. அரசாங்க அலுவலகத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வுபெற்றவர். வெளியூர் போன நண்பரிடமிருந்து வாங்கிய மெஷின். திரை நிறைய ஒரு கடிதம். சேவ் செய்யப் போனாலும் பிரிண்ட் எடுக்கப் போனாலும் மெமரி போதாது என்கிறது. "ஓஃப் மட்டும் பண்ணிப் போடாதையும். ரெண்டு நாளா இருந்து ஒத்தை விரலாலை அடிச்சனான்." எனக்கு முழி பிதுங்கியது. ஆஃப் செய்யாமல் சோதிக்க முடியாது. ஆஃப் செய்தால் கடிதம் காற்றில் போய்விடும்.

ஒரு வழி இருந்தது. திரையில் தெரிவதை அப்படியே பிரிண்டருக்கு அனுப்பும் பொத்தான் ஒன்று உண்டு. அதற்கு மெமரி தேவையில்லை. கடிதத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி மூன்று தடவை எடுத்தால் முழுசும் தாளில் வந்துவிடும். முதல் தாளை எடுத்தபோதே கண்ணில் பட்டுவிட்டது. அடுத்தவர் கடிதத்தைப் படிக்கக் கூடாதுதான், ஆனால் அவள் பெயர் இருந்தால் எப்படிப் படிக்காமல் இருப்பது? மெல்பர்னில் இருக்கும் மாப்பிள்ளையின் தகப்பனாருக்கு எழுதியது. ஜாதகம் பொருந்துகிறது. எங்களுக்குப் பூரண சம்மதம். மகளிடம் கேட்டேன், அவள் மறுப்பு எதுவும் சொல்லவில்லை. வருட முடிவில் வேலையை விட்டுவிடுவாள்.

இரண்டாவது தாள் பிரிண்டரில் கீச்சிட்டுக்கொண்டிருந்தது. சுவிட்ச் என் வலது கைக்கு ஒரு சாண் தள்ளி இருந்தது. கை தவறிப் பட்டுவிட்டது என்றால் பெரியவர் என்ன செய்திருப்பார்? தலையில் அடித்துக்கொண்டு, மறுபடி ஒற்றை விரலோடு உட்கார்ந்திருப்பார். இன்னும் இரண்டு நாள் ஆகியிருக்கும். இரண்டு நாள் எனக்குப் போதும். அப்படித்தான் நினைத்தேன், மறைக்கவில்லை. ஆனால் பாழாய்ப்போன தொழில் சுத்தம் இருக்கிறதே, அது கையைப் பிடித்துக்கொண்டது. மூன்றாவது தாளையும் எடுத்து, பிரிண்டர் தாளின் ஓரத்தில் இருக்கும் துளைப் பட்டைகளைக் கிழித்து, வரிசையாக அடுக்கி அவரிடம் கொடுத்தேன். கெட்டிக்காரப் பொடியன் என்று முதுகில் தட்டி, தேத்தண்ணீர் கொடுத்தார். பக்கத்துப் பிள்ளையார் கோவில் மணி கேட்டது.

பிறகு ஆஃப் செய்து, ஆன் செய்து, சட்டப்படி போன் செய்தேன். பெரியவர் பக்கத்திலேயே தாள்களைப் படித்துக்கொண்டு நின்றார். "எவ்வளவு காட்டுது, சேவியர்?" "256." "ஸ்கிரீனிலை கடிதம் ஒண்டு இருந்திருக்குமே?" "இருந்துச்சு. சேவ் ஆகல. நான் மூணு தாளா பிரிண்ட் எடுத்து அப்பாகிட்ட பத்திரமா குடுத்துட்டேன்." பேனா எழுதவில்லை. மூச்சு மட்டும் கேட்டது, கிளமெண்டியில் கேட்ட அதே மூச்சு. கடைசியில் அவள் சொன்னாள்: "ஓஃப் பண்ணியிருக்கலாமே, சேவியர்."

ரஹீமின் ஏரியா

அதற்குப் பதிலாக நான் என்ன சொன்னேன் என்று கேட்காதீர்கள். "384 கூட்டணும்" என்றேன். பெரியவர் பக்கத்தில் நின்றார் என்பது ஒரு சாக்கு. அடுத்த நாள் கடையில் அவர் இல்லையே? அதற்கு அடுத்த நாளும் இல்லையே? அவள் கண் சிவந்திருந்ததைப் பார்த்தேன். பார்த்துவிட்டு ஸ்க்ரூடிரைவர் தேடுகிறவன் மாதிரி மேசைக்கு அடியில் குனிந்துகொண்டேன். திங்கட்கிழமை சிப்புகளோடு மறுபடி சிலோன் சாலைக்குப் போய், அந்த மெஷினை 640 ஆக்கிக் கொடுத்தேன். அதற்குப் பிறகு மெல்பர்னுக்குப் போன கடிதங்கள் எல்லாம் தடையில்லாமல் சேவ் ஆகியிருக்கும்.

வருட முடிவில் யோகா அலமாரிச் சாவியை ரஹீமிடம் கொடுத்துவிட்டுப் போனாள். மிஸ்டர் டான் ஒரு பேனா பரிசளித்தார். எல்லோரும் கை கொடுத்தார்கள், நானும் கொடுத்தேன். அதற்குப் பிறகும் நான்கு வருடம் அதே வேலையில் இருந்தேன். எண் ஏறும்போதெல்லாம் போனைக் கையில் எடுத்துவிட்டு, எண் நின்ற பிறகு பேசினால் போதும் என்று கீழே வைப்பேன். இன்றைக்கும், எங்கேயாவது பழைய மெஷினில் அந்த எண் ஏறுவதைப் பார்த்தால், முடிகிறவரை நின்றுவிட்டுத்தான் நகருவேன். அவள் குரலுக்காக மனசு அப்படி ஏங்குகிறது. வயதானால் குறையும் என்றார்கள், குறையவில்லை.

அவள் போய் ஒரு மாதம் இருக்கும். சிராங்கூன் சாலை காப்பிக் கடையில் ரஹீமிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். காத்தோங் வேலை அன்றைக்கு என் தட்டுக்கு எப்படி வந்தது, அதுதான் என் கெட்ட நேரம் என்றேன். அவன் தேநீரை ஆற்றுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தான். "காத்தோங் எப்பவும் என் ஏரியா லா, மச்சான். அன்னைக்கு என் பேரை அடிச்சுட்டு உன் பேரை எழுதினது யோகாதான்."

நான்கு வருடம் ஊர் முழுக்க ஆஃப் செய்து ஆன் செய்தே பிழைப்பு நடத்திய நான், ஆஃப் செய்வதற்கென்றே ஒருத்தி பெயர் எழுதி அனுப்பிய ஒரே ஒரு மெஷினில், இருந்ததையெல்லாம் ஓரத்துளை கிழித்துப் பத்திரமாக எடுத்துக் கொடுத்துவிட்டு வந்தேன்.